சுண்டெலிச் சூலகத்தில் ஸ்ட்ரா8 பின்முனையில் ஏறவில்லை: அலையா, சாயக் கோளாறா?

வணக்கம் நண்பர்களே. 13.5ஆம் நாள் கருவின் சூலகத்தை முழுத் திசுவாகச் சாயமேற்றினால் முன்முனை இனச்செல்களின் (பின்னாளில் முட்டையாகும் செல்கள்) உட்கருவில் ஸ்ட்ரா8, அதாவது மியாசிஸ் தொடங்கும்போது தோன்றும் புரதம், பளிச்சென்று ஒளிர்கிறது. பின்முனையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மியாசிஸ் (குன்றல் பிரிவு) முன்னிருந்து பின்னாக அலைபோலப் பரவும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் இவ்வளவு கூர்மையான எல்லை, பின்முனையில் ஆன்டிபாடி உள்ளே போகவில்லையோ என்ற சந்தேகம் தருகிறது.

நிலைப்படுத்துவது 4% பாராபார்மால்டிஹைடில், 4 டிகிரியில், இரவு முழுக்க. பிறகு செல்சவ்வைத் திறக்க 0.5% ட்ரைட்டான், முதல் ஆன்டிபாடியில் இரண்டு நாள். முனை குழம்பாதிருக்க சூலகத்தை ஒட்டியிருக்கும் மீசோநெஃப்ராஸை (கருக்காலச் சிறுநீரகம்) வெட்டாமல் விடுகிறோம்.

இனச்செல்களின் பொது அடையாளப் புரதமான டிடிஎக்ஸ்4 இரு முனையிலும் சீராக ஏறுகிறது. ஆனால் அது சைட்டோபிளாசத்தில் இருப்பது. உட்கருவுக்குள் ஆன்டிபாடி போனதற்குச் சாட்சியாகாது. அதே ஈற்றின் விந்தகத்தில் ஸ்ட்ரா8 இல்லை, எதிர்பார்த்ததே. (மியாசிஸைத் தொடங்க ரெட்டினாயிக் அமிலம் கட்டாயமா என்ற சண்டை இங்கே வேண்டாம்!)

மியாசிஸ் தொடங்கும் இடத்தில் ஆக்ட்4 (இனச்செல் உட்கருவில் இருக்கும் புரதம்) குறையும், தொடங்காத இடத்தில் நிற்கும். அப்படியானால் பின்முனை உட்கருக்களில் ஆக்ட்4 ஒளிர்ந்தாலே ஊடுருவல் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? இரண்டையும் ஒரே திசுவில் சேர்த்து ஏற்றியவர்கள் உண்டா? நிலைப்படுத்தலை 2 மணி நேரமாகக் குறைத்தால் திசு குலையுமா?

இன்னொன்று: இணைசேர்ந்தபின் தாய் எலியின் யோனியில் காணும் அடைப்பைப் பார்த்து நாள் கணக்கிட்டால் அரை நாள் பிசகும். 13.5இல் கருவின் வயதை எதை வைத்து உறுதி செய்கிறீர்கள்?