தபாலில் டிவிடி வாடகை: நம் ஊரில் ஏன் எடுபடவில்லை?

செந்தூல்வாசி:
வணக்கம். நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் மலேசியாவுக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன். அது தொடக்கத்தில் டிவிடியைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிய நிறுவனம் என்று இப்போதுதான் தெரிந்தது. அது எப்படி ஓடியது? இங்கே ஏன் அப்படி ஒன்று பெரிதாக வளரவில்லை?

பிறை வீடியோ கடை:
நான் பினாங்கு பிறையில் வீடியோ கடை நடத்தியவன். இந்தத் தொழிலை அப்போதே கவனித்து வந்தேன், சொல்கிறேன்.

ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் 1997-இல் கலிபோர்னியாவில் தொடங்கினார்கள். வீடியோ டேப் கனம், தபால் செலவு கட்டாது. டிவிடி அப்போதுதான் வந்திருந்தது. ஒரு சிடியை உறையில் போட்டு ஹேஸ்டிங்ஸ் வீட்டுக்கே அனுப்பிப் பார்த்தார்கள், உடையாமல் போய்ச் சேர்ந்தது. 1998-இல் வியாபாரம், 1999-இல் மாதச் சந்தா. வேண்டிய படங்களை வரிசையாகக் குறித்து வைக்கலாம்; ஒன்றைத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். தாமதக் கட்டணம் இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கடை வைத்தவனுக்குத் தெரியும். என் கடையில் வந்த வாய்த்தகராறெல்லாம் தாமதத்துக்குக் கேட்ட ஒரு வெள்ளிக்காகத்தான்.

ஆனால் அதன் பலமே சட்டத்தில்தான் இருந்தது. அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கிய டிவிடியை வாடகைக்கு விட ஸ்டூடியோவின் அனுமதி வேண்டாம். டிவிடியில் வந்த படம் எதுவானாலும் வாங்கி வைக்கலாம். 2007-இல் இணையத்தில் காட்டத் தொடங்கினார்கள். அதற்குப் படத்துக்குப் படம் உரிமம் வேண்டும், காலம் முடிந்தால் படம் போய்விடும். கடைசி டிவிடிகள் 2023 செப்டம்பர் 29 அன்று கிளம்பின. மொத்தம் 500 கோடிக்கு மேல் அனுப்பியிருந்தார்கள்.

இங்கே கதையே வேறு. நம் வீடுகளில் டிவிடி இல்லை, விசிடிதான், அதாவது படம் பதிந்த சிடி. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், திருட்டு விசிடி மலிவாகக் குவிந்து கிடந்தது. வாடகைக்கு மேல் கொஞ்சம் போட்டால் சொந்தமாகவே கிடைக்கும்போது, யார் தபாலுக்குக் காத்திருப்பார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் ராணி:
நான் அமெரிக்காவில் படித்தபோது நெட்ஃபிளிக்ஸுக்குச் சந்தா கட்டியிருந்தேன். சிவப்பு உறை. மேல்தாளைக் கிழித்தால் அதே உறையில் திருப்பி அனுப்பலாம், தபால்தலை ஒட்ட வேண்டாம். அங்கே வாங்கிய டிவிடிகளை ஊருக்குக் கொண்டுவந்தேன், வீட்டுக் கருவியில் ஓடவில்லை. டிவிடியை அதன் மண்டலத்துக்கு உரிய கருவியில்தான் ஓட்ட முடியும்; அமெரிக்காவுக்கு மண்டலம் 1, நமக்கு 3.

செந்தூல்வாசி:
நன்றி. அப்படியானால் பழைய கருப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்களை இப்போது எங்கே பார்ப்பது? என் அம்மா கேட்கும் படம் பாதி எதிலும் இல்லை.

பிறை வீடியோ கடை:
அதுதான் எனக்கும் வருத்தம். தீபாவளி சமயத்தில் தோட்டத்திலிருந்து வந்து டெக்கையும் (படம் ஓட்டும் கருவி) சேர்த்து வாடகைக்கு எடுப்பார்கள். கேட்ட படம் இல்லையென்றால் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த முறை கோலாலம்பூர் போகும்போது தேடி வாங்கி வருவேன். இன்று அப்படிக் கேட்க ஆளில்லை.

விற்காமல் வைத்த விசிடிகள் என்னிடம் இருக்கின்றன. ஒரு படத்துக்கு இரண்டு வட்டு, நடுவில் மாற்ற வேண்டும். அம்மா கேட்கும் படங்களின் பெயரை இங்கே எழுதுங்கள், தேடிப் பார்க்கிறேன்.