ஜேம்ஸ்டவுன்: தங்கம் தேடி வந்தவர்கள் புகையிலைக்கு மாறியது எப்படி?

கேள்வி: 1607-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தைத் தொடங்க வந்த ஆங்கிலேயர்களுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. பிறகு குடியேற்றம் எப்படித் தாக்குப்பிடித்தது? நிலம் யாருக்குப் போனது?

பதில் 1: இடமே கோளாறு. கோடையில் ஆற்றுநீர் உப்புக்கரிக்கும், அதைத்தான் குடித்தார்கள். 1609-10 பஞ்சத்தில் குதிரை, நாய், எலிவரை தின்றார்கள். உள்ளூர்ப் புகையிலை ஒரே காரம், லண்டனில் விலைபோகாது. 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் என்ற குடியேறி கரீபியப் புகையிலை விதையைப் போட்ட பிறகுதான் காசு புரண்டது. ஆனால் சில போகங்களிலேயே மண் சத்திழந்துவிடும். அதனால் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களின் நிலத்தின்மேல் ஓயாத கண்.

பதில் 2: 1618 முதல், குடியேற வரும் ஒவ்வொரு தலைக்கும் 50 ஏக்கர் நிலம். கப்பல் செலவு கொடுத்தவருக்குத்தான், ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்கு அல்ல. பத்துப் பேரை இறக்கினால் 500 ஏக்கர்!

பதில் 3: 1619 ஜூலை 30-ல் 22 பிரதிநிதிகளோடு குடியேறிகளின் சட்டசபை கூடியது. அதன் சட்டங்களைக் குடியேற்றத்தை நடத்திய லண்டன் கம்பெனி தள்ளிவிடலாம். 1624-ல் கம்பெனியின் பட்டயமே ரத்தாகி, மன்னரின் நேரடி ஆட்சி வந்தது.