பொருள்: வயிற்றில் முடி உருண்டை – தமிழில் என்ன போடலாம்?

தல்லாகுளம்:
வணக்கம். பெற்றோருக்கான கையேடு ஒன்று மொழிபெயர்க்கிறேன். திங்கள் காலை சிம்மக்கல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தன் முடியைத் தானே பிடுங்கித் தின்னும் பிள்ளைகளுக்கு வருகிற ‘ட்ரைக்கோபெசோர்’ பற்றியது. முடி செரிக்காது. வழுவழுப்பாக இருப்பதால் கீழே இறங்காமல் இரைப்பை மடிப்பில் தங்கி, சோற்றோடும் சளியோடும் சேர்ந்து இறுகிவிடும். இப்போதைக்கு ‘மயிர்க்கட்டி’ என்று வைத்திருக்கிறேன். சரியா?

மேலூர்:
மயிர் சரி. கவரிமாவுக்கு வள்ளுவர் ஆண்ட சொல்லுக்கு நாம் ஏன் கூச வேண்டும்? விசேஷமே பெசோரில்தான். பாரசீகத்தில் ‘பாத்-சஹ்ர்’, நஞ்சுமுறி. காட்டாட்டு வயிற்றுக் கல்லை விஷத்துக்கு மருந்தாக வைத்திருந்தார்கள். நம் நாட்டு மருந்துக் கடைக் கோரோசனையும் மாட்டின் பித்தப்பைக் கல்தானே? ஆகவே ‘மயிரோசனை’.

திருப்பரங்குன்றம்:
ஐயா, தனித்தமிழ் பேசும் நீங்களா ரோசனை கேட்பது! ‘மயிர்த்திரளை’ போதும். திரள், திரட்டு, திரட்டுப்பால் எல்லாம் ஒரே வேர். திரையும் அதில் சேரும் என்பது என் கட்சி...

உசிலம்பட்டி:
நான் வார்டில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள். ‘கட்டி’ வேண்டாம், தாய்மார் காதில் அது புற்றுநோய் என்றே விழும். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை கையில் ‘மயிர்’ என்று போட்ட தாளைக் கொடுத்தால், சமாதானம் சொல்ல வள்ளுவர் வரமாட்டார். சீப்பில் வருகிற முடியை உருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைப்போமே, முடிக்காரரிடம் பாத்திரத்துக்குப் போட? அது சிக்கு. ‘சிக்குருண்டை’ என்றால் அப்பத்தாவுக்கும் புரியும். அப்புறம், கோலா குடித்தால் கரையும் என்று எழுதிவிடாதீர்கள். அது பழ நார் உருண்டைக்கு. இது பெரிதாகிவிட்டால் எண்டோஸ்கோப்பியிலும் எடுக்க வராது, வயிற்றைத் திறந்துதான்.

தல்லாகுளம்:
நன்றி அக்கா. வால்போலச் சிறுகுடலுக்குள் இறங்கினால் அதற்கு 1968 முதல் ‘ராபன்சல்’ பெயர். கதையில் வரும் நீளக் கூந்தல்காரி. இதற்கு?

மேலூர்:
பாஞ்சாலி நோய்!

திருப்பரங்குன்றம்:
பாஞ்சாலி முடியைத் தின்னவில்லை.

மேலூர்:
ராபன்சலும் தின்னவில்லை.

உசிலம்பட்டி:
‘வால் சிக்கு’ போடுங்கள். பழக்கத்துக்கு என்ன வைத்தீர்கள்? ஆபரேஷனோடு விட்டால் மறுபடி சேரும், மனநல மருத்துவரிடம் போகச் சொல்லும் பக்கம்தான் முக்கியம்.

தல்லாகுளம்:
‘மயிருண்ணி நோய்’.

உசிலம்பட்டி:
உண்ணியா? அது மாட்டில் ஒட்டுவது. பிள்ளையை அப்படிச் சொல்லலாமா? ‘முடி தின்னும் பழக்கம்’, அவ்வளவுதான்.

தல்லாகுளம்:
ஞாயிறு இரவு மணி 11. ‘சிக்குருண்டை’ என்று அனுப்பிவிட்டேன், அடைப்புக்குறிக்குள் ‘மயிர்த்திரளை’. மூன்று பேர் ஆதரவு, மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள்.

மேலூர்:
நான் தூங்கவில்லை. அடைப்புக்குறி கோழைத்தனம். கோரோசனை பற்றித் தனி மடல் வருகிறது.