அமெரிக்காவோட முதல் கம்பி கான்கிரீட் வீடு பத்தி

கேள்வி:
சிவில் படிக்கிறேங்க. நியூயார்க் மாநிலத்துல வார்டு ஹவுஸ்னு ஒண்ணு இருக்கே, 1870கள்லயே கம்பி வச்சு கான்கிரீட் போடணும்னு எப்படி தோணுச்சு?

பதில் 1:
தம்பி, கட்டினவர் வில்லியம் வார்டு, நட்டு போல்ட்டு தயாரிச்ச மெக்கானிக்கல் இன்ஜினியர். 1867ல இங்கிலாந்து போனப்ப இரும்புக் கருவியில ஒட்டின சிமெண்ட்டை எடுக்க முடியாம ஆளுங்க திணறுறதப் பார்த்திருக்கார், இவ்ளோ பிடிப்பா ஒட்டுதுன்னா ரெண்டையும் சேர்த்தே கட்டலாமேன்னு யோசிச்சு 1873ல ஆரம்பிச்சு 1876ல முடிச்சிட்டார். தீப்பிடிக்காத வீடு வேணும்ங்கறதுதான் நோக்கம், அதனால சுவர், தளம், மாடிப்படி, கூரை எல்லாமே கான்கிரீட். ஆர்க்கிடெக்ட் ராபர்ட் மூக்.

பதில் 2:
எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், பீம்ல இரும்பை நடுவுல வைக்காம கீழ்ப்பக்கமா வச்சிருக்கார். பாரம் ஏறி பீம் வளைஞ்சா கீழதான் இழுவிசை வரும், கான்கிரீட் அமுக்கத்தை தாங்கும் ஆனா இழுத்தா விட்டுடும், அங்க இரும்பு பிடிச்சுக்கும். இன்னைக்கும் நம்ம சைட்ல அதானே பண்றோம்! 1883ல இதை ஒரு கட்டுரையாவே எழுதி வச்சார் மனுஷன்.

பதில் 3:
உலகத்துலயே முதல்னு எழுதிடாதப்பா, பாரிஸ் பக்கத்துல சாந்த்-தெனில பிரான்சுவா குவாஞே 1853லயே கான்கிரீட் வீடு கட்டிட்டார்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா, செமினார்ல குவாஞேவையும் சேர்த்துக்கறேன்.