குத்துச்சண்டை வீரர்களை அடுக்குப் பிரிப்பது: மும்பைத் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

மாட்டுங்கா வாசி:

இந்தியக் குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங்கைத் திறமை வரிசையில் எந்த அடுக்கில் வைப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம், 2017 ஆகஸ்ட் 5 அன்று வொர்லியில் பார்த்த சண்டைதான் என் கண்முன் வந்து நிற்கிறது. எதிரே சீனாவின் சுல்பிகர் மைமைதியாலி. இடக்கைக்காரர், அதுவரை தோல்வியே காணாதவர். ஒரு கட்டத்தில் இடுப்புக்குக் கீழே குத்து விழ, விஜேந்தர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தார். இப்படிக் குத்தியதற்காக ரெஃபரி மைமைதியாலிக்கு ஒரு புள்ளியைக் கழித்தார். அரங்கம் அதிர்ந்ததே தவிர, அந்த ஒரு புள்ளியின் எடையை என்னைச் சுற்றியிருந்தவர்கள் எவரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. முடிவு, புள்ளி போடும் மூன்று நடுவர்களின் அட்டைகளிலும் விஜேந்தருக்கே: 96-93, 95-94, 95-94. அந்தக் கழிவு இல்லாதிருந்தால் அவர்களில் இருவரின் அட்டையிலும் 95-95 என்றாகி, சண்டை சமனில் முடிந்திருக்கும்.

வெளியே வரும்போதே என் வரிசையில் இருந்தவர்கள் அவரை உலக அடுக்குக்கு ஏற்றிவிட்டார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் வென்ற வெண்கலத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அங்கே இரண்டு நிமிட ரவுண்டுகள் நான்கு, இங்கே தொழில்முறைச் சண்டையில் மூன்று நிமிட ரவுண்டுகள் பத்து. அவர் வென்ற ஆசிய பசிபிக், ஓரியண்டல் பட்டங்கள் இரண்டும் வட்டாரப் பட்டங்களே. ஆகவே வட்டார அடுக்கின் உச்சியில் அவரை வைப்பதே நேர்மையான கணிப்பு என்று இன்றும் கருதுகிறேன்.

சயான் கோலிவாடா:

மேலே எழுதியவர் உச்சியைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்கு அடித்தட்டைப் பற்றித்தான் மனம் ஆறவில்லை. வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக உள்ள வீரர்களை எல்லோரும் யோசிக்காமல் கடைசி அடுக்கில் தள்ளிவிடுகிறார்கள்.

செம்பூரில் நான் பயிற்சி செய்த ஜிம்முக்கு அப்படிப்பட்ட தொழில்முறை வீரர் ஒருவர் வந்துபோவார். ஒருநாள் அவருடன் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. அவரும் இடக்கைக்காரர். என் இடது பாதத்துக்கு வெளிப்புறமாகத் தமது வலது பாதத்தை வைத்து, முன்கையால் என் கிளவுஸை மெதுவாகக் கீழே அழுத்தினார். அந்த இடைவெளியில் அவருடைய இடது கை என் நெற்றியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அடித்திருந்தால் நான் விழுந்திருப்பேன், அவர் அடிக்கவில்லை. ரவுண்டு முடிந்ததும், “தம்பி, வலது கையை வீசுவதற்கு முன் நீ மூச்சை உள்ளே இழுக்கிறாய், அதைப் பார்த்தே நான் நகர்ந்துவிடுகிறேன்” என்று இந்தியில் சொன்னார். எதிராளியின் மூச்சைப் படிக்கத் தெரிந்தவரை எந்த அடுக்கில் வைப்பீர்கள்?

இங்கிலாந்தின் பீட்டர் பக்லி 300 சண்டைகளில் 256-இல் தோற்றவர். பின்னாளில் உலகச் சாம்பியனான நசீம் ஹமீது உட்பட வளர்ந்துவந்த எத்தனையோ இளைஞர்களுக்கு எதிராக ரிங்கில் ஏறியவர். தற்காப்பு தெரியாத ஒருவரால் 300 முறை ஏறி இறங்க முடியுமா? வெற்றிக் கணக்கு வேறு, திறமை வேறு என்பதை அடுக்குப் பிரிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பவாய் பொறியாளர்:

என் அனுபவம் சிறியது. 2024 மே 6 அன்று அலுவலகக் கேன்டீனில் கைப்பேசியில் டோக்கியோ டோம் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் ரவுண்டிலேயே மெக்சிகோவின் லூயிஸ் நேரி இடது கையை வளைத்து வீசிய ஹூக் குத்தில் ஜப்பானின் உலகச் சாம்பியன் நவோயா இனோவே விழுந்தார். பக்கத்தில் இருந்த நண்பர் அந்தக் கணமே அவரை ஓர் அடுக்கு கீழே இறக்கிவிட்டார். நான் பார்த்ததோ வேறு. இனோவே பதறி எழவில்லை. ஒரு முழங்காலை ஊன்றியபடி, ரெஃபரியின் எண்ணிக்கை எட்டை நெருங்கும்வரை காத்திருந்து எழுந்தார். அதன்பின் நேரியை மூன்று முறை வீழ்த்தி ஆறாவது ரவுண்டில் முடித்தார். முதல் அடுக்கு வீரரை அவர் விழுந்த பிறகுதான் அடையாளம் காண வேண்டும்.

இனி, பட்டியல் போடும் நண்பர்கள் அனைவருக்கும் சில சொல்ல விரும்புகிறேன். முதலாவது, “இவர் அவரை வென்றார், அவர் மற்றவரை வென்றார், ஆகவே இவர் மற்றவரைவிட மேல்” என்ற கணக்கை விட்டுவிடுங்கள். 1973-இல் கென் நார்ட்டன் முகமது அலியின் தாடையை உடைத்து வென்றார். 1974-இல் ஜார்ஜ் ஃபோர்மன் அந்த நார்ட்டனை இரண்டாவது ரவுண்டிலேயே சுருட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். இந்த மூவரையும் வரிசைப்படுத்த முயன்று பாருங்கள், வட்டமாகத்தான் சுற்றுவீர்கள். ஒருவரின் பாணி இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவதே காரணம்.

அடுத்து, வர்ணனையின் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் கத்தும்போது தடுக்கத் தூக்கிய கைகளில் பட்ட குத்தும் தாடையில் பட்டதாகவே தோன்றும். கைகளை விட்டுவிட்டுக் கால்களைக் கவனியுங்கள். மறுசண்டை நடந்திருந்தால் அதற்கு இரட்டை மதிப்புக் கொடுங்கள்: 2024 மே மாதம் டைசன் ஃபியூரியைப் பிளவுத் தீர்ப்பில் (இரண்டு நடுவர்கள் ஒருபுறம், ஒருவர் மறுபுறம்) வென்ற உக்ரைனின் உசிக், டிசம்பரில் மூன்று அட்டைகளிலும் 116-112 என்று வென்றதுதான் அவருடைய இடத்தை எனக்கு உறுதிசெய்தது. எடைப்பிரிவு மாறியும் வெல்பவருக்குத் தனி மதிப்புத் தர வேண்டும். டெரன்ஸ் கிராஃபோர்ட் 140, 147, 168 பவுண்டு ஆகிய மூன்று பிரிவுகளிலும் எல்லாப் பட்டங்களையும் ஒருங்கே வைத்திருந்தவர். கடைசியாக, சயான் நண்பருக்கு: ஸ்பாரிங்கை வைத்து எவரையும் அடுக்கில் ஏற்றவோ இறக்கவோ கூடாது. அங்கே உயிருக்குப் பயந்து எவரும் சண்டையிடுவதில்லை.

தாராவிப் பெரியவர்:

பவாய் தம்பி ஸ்பாரிங்கைப் பற்றிக் கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்களாக ஊரே பிரிந்து நின்ற சென்னை ராயபுரம் பக்கத்தில் வளர்ந்தவன் நான். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது பார்த்தேன். அதுவும் மெய்யான சண்டை அன்று. அலிக்கு வயது 38, உடல் கனத்திருந்தது. ஆனால் எல்லிஸின் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) வந்தபோது அவர் கையைத் தூக்காமல் இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்த அந்த ஒரு கணத்தில், எங்கள் வாத்தியார்கள் காலமெல்லாம் கற்பித்த தற்காப்பு வேறு, இது வேறு என்று தெரிந்துவிட்டது. எல்லிஸும் ஒரு காலத்தில் உலகப் பட்டம் வைத்திருந்தவர்தான். இருவருக்கும் இடையிலிருந்த தூரத்தை அளக்க எனக்கு எந்த நடுவர் அட்டையும் தேவைப்படவில்லை.

சயான் தம்பி, அந்தச் செம்பூர் வீரர் இன்னும் அங்கே வருகிறாரா? என் பேரன் இடக்கைக்காரன். சொல்லிக்கொடுப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.