போர் வந்துதான் பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்களா?

மார்த்தாண்டம் அம்மா
மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வாரம் பள்ளியில் பேச்சுப் போட்டி. "பெண்களுக்குத் தொழிற்சாலைக் கதவைத் திறந்தது உலகப் போர்களே" என்பது தலைப்பு. இவள் ஆதரித்துப் பேச வேண்டும். நேற்று ராத்திரி சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை ஆலைக்கு, வேலைக்குப் போன என் மாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் வேலைக்குப் போன அன்றைக்கு எங்கே மக்களே சண்டை நடந்தது?" என்றார். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை செல்வன்
அக்கா, தலைப்பு சரிதான். தைரியமாக ஆதரித்துப் பேசட்டும். 1941 டிசம்பரில் பிரிட்டன் சட்டமே போட்டது. 20 முதல் 30 வயது வரை உள்ள கல்யாணமாகாத பெண்களைப் படையின் துணைப் பிரிவுகளுக்கோ தொழிற்சாலைக்கோ கட்டாயமாக எடுத்தார்கள். அமெரிக்காவில் விமானம் கட்டும் வேலையில் போருக்கு முன்னால் நூற்றுக்கு ஒரு பெண் இருந்தாலே அதிகம். 1943-ல் 3 லட்சத்துக்கும் மேல் பெண்கள். ரிவெட் அடித்தார்கள், வெல்டிங் செய்தார்கள், லேத் ஓட்டினார்கள். பெண்ணால் முடியாது என்று அதுவரை சொன்ன முதலாளிகளே வாசலில் நின்று கூப்பிட்டார்கள். ஒரு தடவை செய்து காட்டிவிட்டால் அப்புறம் முடியாது என்று யார் சொல்ல முடியும்?

கடலோரக்காரி
சொன்னார்களே தம்பி, போர் முடிந்த மறுவருடமே சொன்னார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனில் குண்டுக்கு வெடிமருந்து நிரப்பியவர்கள் பெரும்பாலும் பெண்கள். டிஎன்டி மருந்து பட்டுப் பட்டுத் தோலும் முடியும் மஞ்சளாகிவிடும். ஊரில் அவர்களைக் கானரிக் குருவிகள் என்றே கூப்பிட்டார்கள். அவர்கள் பெற்ற குழந்தைகள் சிலவும் மஞ்சளாகவே பிறந்தன. லீட்ஸ் பக்கத்தில் பார்ன்போ ஆலையில் 1916 டிசம்பரில் ஒரே வெடிப்பில் 35 பெண்கள் செத்தார்கள். இத்தனைக்கும் பிறகு, 1919-ல் பழைய தொழில் வழக்கங்களைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் வந்தது. ஆண்கள் திரும்பினார்கள், பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். 1918-ல் அங்கே பெண்களுக்கு ஓட்டு கொடுத்ததாவது நன்றிக்காகத்தான் என்பார்கள். ஆனால் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தானே கொடுத்தார்கள்? வெடிமருந்து நிரப்பிய பிள்ளைகளில் பலருக்கு அந்த வயதே ஆகவில்லை.

இதைக் கதவு திறந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் தேவைப்பட்ட வரைக்கும் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்
இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் மட்டுமே பேசுகிறோம். நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தை ஏன் விட்டுவிட்டோம்? சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்குவது படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1937-ல் முழுவதும் தடை செய்யப்பட்டது. 1943-ல் போருக்கு நிலக்கரி போதவில்லை. ஆண்கள் கூடுதல் கூலி கிடைத்த ராணுவக் கட்டுமான வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அரசு தடையை நீக்கியது. வயிற்றுக்கு வழியில்லாத பெண்கள் மறுபடியும் கீழே இறங்கினார்கள். 1946 பிப்ரவரியில் தடை திரும்ப வந்தது. அன்றைக்குத் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் அம்பேத்கர். தடையை நீக்கியதற்கு 1944 பிப்ரவரியில் சட்டசபையில் எழுந்த கடுமையான எதிர்ப்புக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இது நெருக்கடிக் கால ஏற்பாடு மட்டுமே என்றார்.

நம் ஊருக்குப் போர் வந்தது அடுப்படி வழியாக. அப்போது நாம் திருவிதாங்கூர். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தின்று உயிரைப் பிடித்துக்கொண்ட வீடுகளின் கதையை என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் கூலிக்குக் கிளம்பினால் அதை முன்னேற்றம் என்பதா, பசி என்பதா?

தக்கலை செல்வன்
சார், அதே 1944 பேச்சில் அம்பேத்கர் இன்னொன்றும் சொன்னார். ஆணோ பெண்ணோ, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற கொள்கை ஒரு தொழிலில் நிலைநாட்டப்படுவது இதுதான் முதல் தடவை என்றார். போர் இல்லாமல் இருந்தால் அது எப்போது நடந்திருக்கும்?

கடலோரக்காரி
பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1946-ல் தடை வந்தபோது சுரங்கத்துக்குள் இருந்த பெண்களுக்கு அந்தச் சமக் கூலியும் வேலையோடு சேர்ந்தே போனது. அப்புறம் 2019-ல்தான் பெண்கள் சுரங்கத்துக்குள் வேலை செய்ய மறுபடியும் அனுமதி கிடைத்தது. அப்போது எந்த உலகப் போரும் நடக்கவில்லையே.

மார்த்தாண்டம் அம்மா
மாமியாரிடம் உட்கார்ந்து கேட்டேன். பதினாறு வயதில் அண்டி தல்லப் போனாராம். தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு அண்டியாகக் கட்டையால் தட்டிப் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டால் தோல் பொள்ளும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். கூலி எடைக்கணக்கு. பருப்பு நொறுங்கினால் குறைத்துவிடுவார்கள்.

இப்போது ரேஷன் கடையில் மெஷினில் விரல் வைத்தால் ரேகை விழுவதில்லை. துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை வைக்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. நான் பக்கத்தில் நிற்கும்போது அவர் ஒன்றும் பேசாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடலோரக்காரி
போர்க்காலத்தில் பெண்களை ஆலை வேலைக்குக் கூப்பிட்டுப் போஸ்டர் ஒட்டினார்களே, அப்படி இந்தக் கைகளை ஏன் யாரும் போஸ்டரில் வரையவில்லை? 1930-களிலேயே கொல்லத்து அண்டி ஆபீசுகளில் பெரும்பாலும் பெண்கள்தான். நம் பக்கமும் அதே வழக்கம். போருக்கு முன்னாலும் போனார்கள், பின்னாலும் போனார்கள், இன்றைக்கும் போகிறார்கள். தலைப்பே தவறு என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தக்கலை செல்வன்
அக்கா, என் அம்மாவும் அண்டி ஆபீஸ்தான். அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறேன். அங்கே அம்மா செய்தது தோல் உரிப்பது. வறுப்பது ஆண்கள் வேலை, மேற்பார்வையும் ஆண்தான். இருபத்தைந்து வருடத்தில் அம்மாவை அந்த இடத்துக்கு ஒரு நாள்கூட யாரும் கூப்பிடவில்லை. கம்பெனிக்குள் நுழைவது வேறு, உள்ளே எந்த வேலை கிடைக்கிறது என்பது வேறு. போர் திறந்தது அந்த உள்கதவை. லேத்தின் முன்னால் ஒரு பெண் நின்றாள், அதை ஆயிரம் பேர் பார்த்தார்கள். என் அம்மாவுக்கு அந்த வாய்ப்பு வரவே இல்லை.

கடலோரக்காரி
தம்பி, இதை நீ முதலிலேயே சொல்லியிருக்கலாம். உள்கதவு என்பது சரி. ஆனால் அதைத் திறக்க ஊர் ஊராகக் குண்டு விழ வேண்டியிருந்தது என்றால் குற்றம் அதைப் பூட்டி வைத்தவர்கள் மேல்தான். போருக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்.

மார்த்தாண்டம் அம்மா
எல்லோருக்கும் நன்றி. மகள் இதையெல்லாம் வாசித்துவிட்டு டீச்சரிடம் எதிரணி கேட்டு வாங்கிவிட்டாள். 1943, 1946 இரண்டையும் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். செல்வன் தம்பி சொன்ன உள்கதவுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, வறுக்கும் இடத்தில் ஆண்களுக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்.