கிரானைட்டில் எண்ணெய் அறிகுறி: இதை நம்பலாமா?

சீர்காழிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஜியாலஜி முடித்துவிட்டு மட் லாகராக, அதாவது எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது மேலே வரும் கல்துண்டுகளையும் வாயுவையும் சோதிப்பவனாக, வேலை பார்க்கிறேன். இதுவரை மணற்கல்லும் ஷேலும்தான் பார்த்துப் பழக்கம். காவிரிப் படுகையில் உள்ள இப்போதைய கிணறு அடித்தளப் பாறைக்குள், அதாவது கிரானைட்டுக்குள் இறங்கிவிட்டது. யூவி விளக்கின் கீழ் கட்டிங்ஸ் (அந்தக் கல்துண்டுகள்) சில மஞ்சளாக ஒளிர்கின்றன. காஸ் சார்ட்டில் மீத்தேனோடு எத்தேனும் ஏறுகிறது. ஆய்வகத்தில் இருந்து ராக்-எவால் (பாறையைச் சூடாக்கி அதிலுள்ள கரிமப்பொருளை அளக்கும் சோதனை) முடிவு வந்தது: எஸ்2 (சூட்டில் உடைந்து வரும் ஹைட்ரோகார்பன்) கிராமுக்கு 0.15 மில்லிகிராம், டிமேக்ஸ் (அது உச்சமாக வரும் வெப்பநிலை) 418 டிகிரி செல்சியஸ். இது நிஜமான எண்ணெயா, மட்டில் (துளையிடும்போது கிணற்றில் சுற்றும் சேற்றுத் திரவம்) இருந்து கலந்ததா? அறிக்கையில் என்ன எழுதுவது?

பழைய ஆய்வகத்தார்:
தம்பி, முதலில் அந்த டிமேக்ஸை ஒதுக்கி வையுங்கள். எஸ்2 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. கிரானைட் எண்ணெயை உண்டாக்காது. விரிசல்களில் வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் இங்கே 'எவ்வளவு' என்பதைவிட 'எங்கிருந்து' என்பதுதான் முதல் கேள்வி.

வியட்நாமின் பாக் ஹோ வயலைப் பாருங்கள். 1988 முதல் அங்கே கிரானைட் விரிசல்களில் இருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெய் நிற்கும் உயரமே ஆயிரம் மீட்டருக்கு மேல். ஆனால் அது மெழுகு மிகுந்த எண்ணெய். அதன் பயோமார்க்கர்கள் (பழைய உயிர்களின் வேதித் தடயங்கள்) பக்கத்தில் கிடக்கும் ஒலிகோசீன் கால ஏரிப்படிவ ஷேலோடு பொருந்துகின்றன. ஷேலில் பிறந்து, மேடாக நிற்கும் கிரானைட்டுக்குள் பக்கவாட்டில் ஏறியிருக்கிறது.

சுவீடனின் சில்யான் இதற்கு நேர்மாறு. வானியலாளர் தாமஸ் கோல்டின் கருத்தை நம்பி, பூமியின் ஆழத்தில் இருந்து வரும் மீத்தேனைத் தேடி, 1986இல் துளையிடத் தொடங்கி 6 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். கறுப்புக் குழம்பு கிடைத்தது. மட்டில் டீசல் சேர்த்திருந்ததால் அதன் மூலம் பெரிய சர்ச்சையானது. வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை. அவ்வளவு பணம் போட்ட இடத்திலேயே சந்தேகம் தீரவில்லை என்பதால்தான் வலியுறுத்திச் சொல்கிறேன்: மட் சாம்பிளும் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும்.

இப்போது உங்கள் மஞ்சள் ஒளி. ஒளிரும் துண்டு ஒன்றைக் குழித்தட்டில் வைத்து, யூவியின் கீழேயே ஒரு சொட்டு கரைப்பான் விடுங்கள். எண்ணெய் என்றால் துண்டில் இருந்து பால் போல ஒழுகிப் பரவும், காய்ந்ததும் வளையம் நிற்கும். கால்சைட் என்னும் கனிமம் என்றால் ஒளி கல்லிலேயே நிற்கும். குழாய் மரையில் பூசும் கிரீஸும் ஒளிரும். அதையும் தனியாக விளக்கின் கீழ் பார்த்து வையுங்கள்.

டெல்டா மட்லாகர்:
ஐயா சொன்னதோடு ஒன்று. நீங்கள் ஓட்டுவது வைர பிட்டா, அதாவது வைரம் பதித்த துளைமுனையா? கிரானைட்டில் அது சூடேறி மட் திரவத்தையே கருக்கும். அப்போது எத்திலீன், ஹைட்ரஜன் எல்லாம் வரும். யூனிட்டில் உள்ள சாதாரண குரோமட்டோகிராஃப் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) சிலவற்றில் எத்திலீனும் எத்தேனும் ஒரே இடத்தில் விழும். உங்கள் 'எத்தேன்' அதுவாகவே இருக்கலாம். பிட் மாற்றியதும் காஸ் குறைந்ததா என்று பாருங்கள்.

சீர்காழிக்காரன்:
மிக்க நன்றி. வைர பிட்தான். மட் நீர் சார்ந்ததுதான், ஆனால் குழாய் சிக்கியபோது டீசல் இறக்கினார்கள். இனி டீசல் எது, எண்ணெய் எது என்று பிரிக்க முடியுமா?

பழைய ஆய்வகத்தார்:
முடியும். டீசல் வடித்தெடுத்த சரக்கு. அதன் ஆல்கேன்கள் பெரும்பாலும் கார்பன் அணு எண்ணிக்கை 10க்கும் 25க்கும் நடுவில் அடங்கிவிடும்; ஹோப்பேன் போன்ற கனமான பயோமார்க்கர்கள் அதில் அநேகமாக இருக்காது. கட்டிங்ஸில் இருந்து கரைத்தெடுத்த சாற்றில் ஹோப்பேன் தெளிவாகத் தெரிந்தால், காவிரிப் படுகையின் மூலப்பாறையான ஆண்டிமடம் ஷேலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கிரீஸிலும் ஹோப்பேன் உண்டு, ஆகையால் அதன் சாம்பிளும் போகட்டும். ரிக்கில் மிச்சம் இருக்கும் அதே டீசலில் ஒரு குப்பி இன்றைக்கே எடுத்து வையுங்கள். எல்லாம் கண்ணாடிக் குப்பியில்தான்; பிளாஸ்டிக் தானும் கொஞ்சம் கரைந்து சாம்பிளைக் கெடுக்கும். அறிக்கையில் இப்போதைக்கு 'ஒளிர்வு உண்டு, மூலம் உறுதியாகவில்லை' என்று மட்டும் எழுதுங்கள்.